இடது கை

மூன்று முறை திகதி மாற்றினேன்.
முதல் முறை காய்ச்சல் என்றேன். பொய்.
இரண்டாம் முறை மைத்துனி வீட்டில்
சாமத்தியச் சடங்கு என்றேன்.
மைத்துனிக்கு இரண்டும் பெடியன்கள்.
மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல்
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
இதற்கிடையில்
கீழ்வரிசை வலப்பக்கக் கொடுப்புப் பல்
ஒரு கராம்பும் ஆறு பனடோலும்
கூலியாக வாங்கிக்கொண்டு
இரவிரவாக வேலை செய்தது.

இன்று வந்துவிட்டேன்.
நேரே வந்தேன் என்று சொல்ல முடியாது.
ஹம்டன் லேன் முனையில் ஓட்டோவை அனுப்பிவிட்டு
மருந்துக்கடையில் தேவையில்லாத பிளாஸ்டர் வாங்கி,
கடற்கரைப் பக்கம் இறங்கி,
பாணந்துறை ரயில் ஒன்று போகட்டும் என்று நின்றேன்.
போனது.
இன்னொன்று போகட்டும் என்று நின்றேன்.
அதுவும் போனது.
பிறகு போவதற்கு நான் மட்டும்தான் மிச்சம்.

கீழே சேலைக்கடை. கண்ணாடிக்குள் பொம்மைகள்
வாயை மூடியபடியே சிரிக்கின்றன.
கெட்டிக்காரிகள்.
மேலே பதினேழு படி.
கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம்.
வீதி வெட்டுகிறார்கள் என்று
என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன்;
காலி வீதியில் எந்த நேரமும்
யாரோ எதையோ வெட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

"பயமா?" என்றாள் துண்டு எழுதுகிற ஃபஸ்மியா.
"சீச்சீ."
"எல்லாரும் அப்படித்தான் சொல்ற.
போன கிழமை ஒரு பெரிய பொலிஸ் மாத்தயா
பேரைக் கூப்பிட்டதும் ஓடிட்டார்.
செருப்பு இன்னும் அங்கதான் ஈக்குது."
வாங்குக்குக் கீழே பார்த்தேன்.
கறுப்பு. பத்தாம் நம்பர் இருக்கும்.
அந்த முகம் தெரியாத மனிதரில்
திடீரென்று எனக்கொரு சகோதர பாசம்.

டொக்டர் சுராங்கி பாதித் தமிழில் சொன்னார்:
"நொந்தா இந்தக் கை மேல. நான் நிப்பாட்டும்."

கை காட்டினால்
நூற்றைம்பத்தைந்து பஸ்ஸே நிற்பதில்லை.
வேறொரு காலத்தில் இதே வீதியில்
கையைத் தூக்கச் சொன்னவர்கள்
நிறுத்தி வைத்தது எங்களைத்தான்.
எனவே, நம்பவில்லை. சோதித்தேன்.
ஊசி கிட்டவே வரவில்லை, தூக்கினேன்.
நிறுத்தினார்.
முரசில் பட்டதும் தூக்கினேன்.
நிறுத்தினார்.
மூன்றாம் முறை மூக்கு அரித்தது,
அதற்கும் நிறுத்தினார்.
முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்
அலுக்காமல் காத்திருந்தன.

உதடு தடித்து
யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல
என் முகத்தில் கிடந்தது.
பல்லில் வெடிப்பு என்றார்.
"நித்திரையில பல் நெருமுறதா? எத்தனை வருஷம்?"

வாய்க்குள் பஞ்சு, கண்ணாடி, உறிஞ்சுகிற குழாய்.
நித்திரையில் மட்டுமா, டொக்டர்?
பஸ்ஸில், பாங்க் வரிசையில்,
போன் அடித்தால் அம்மாவோடு கதைக்காமல் வெட்டிவிட்டு
தமிழ் வெளியே வந்துவிடாமல்
பூட்டி வைத்த வாய் இது.
வருஷக் கணக்குக்கு விரல்கள் காணாது.
கையைத் தூக்கவில்லை.
வெள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
அதன் ஓரத்தில் செத்துப்போன ஒரு சின்னப் பூச்சி.
அதை எண்ணினேன். ஒன்று.
திரும்பவும் எண்ணினேன். ஒன்று.
சத்தம் வந்தது. பயமும் வந்தது.
இரண்டும் ஒன்றாக உள்ளே இருந்து
வேலையை முடித்துக்கொண்டு போயின.

"மிச்சத்துக்கு எந்த நாள் வசதி?"
செவ்வாய் என்று சொல்லப் பார்த்தேன்.
தெள்ளாய் என்று வந்தது.
ஃபஸ்மியா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

வாயின் ஒரு பக்கத்தால் எச்சில் வழிய
படியில் இறங்கும்போது
ஒருமுறை குனிந்து பார்த்தேன்.
என் செருப்பு
என் காலில்தான் இருந்தது.